வலப்பக்கம் மட்டும் திரும்ப மறுக்கும் குதிரை: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: என் குதிரைக்கு ஏழு வயது. காயடித்தது. இடப்பக்க வட்டத்தில் நன்றாகப் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் தலையைத் தூக்கி ஆட்டுகிறது, வாயைத் திறக்கிறது, வட்டத்துக்குள் சரிகிறது. கேண்டரில் (மிதமான பாய்ச்சலில்) உள்பக்க முன்னங்காலை முன்வைக்காமல் தப்பான காலில் கிளம்புகிறது. கயிற்றைப் பிடித்து நடத்திப் பார்த்தால் நொண்டல் எதுவும் தெரியவில்லை. இரண்டு மாதமாகத்தான் இப்படி. கடுமையான பிட் (லகானோடு வாயில் மாட்டும் இரும்புக் கம்பி) போட்டால் வழிக்கு வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கடுமையான பிட் ஒருவேளை குதிரையைத் திருப்பிவிடும். ஆனால் அது ஏன் திரும்ப மறுத்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். தலையை இழுத்துக் கட்டும் வார்களுக்கும் இதுவே என் பதில்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘இரண்டு மாதமாக’ என்ற சொல். எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே ஒரு பக்கம் வளையச் சுலபம், மறுபக்கம் கொஞ்சம் கடினம். அந்த இயல்பான கோணல் பழக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கும், லேசாக இருக்கும், உடம்பு சூடேறினால் குறையும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குதிரை ஏழு வயதில் திடீரென்று ஒரு பக்கத்தை மறுத்தால் அதை இயல்பு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி இல்லை என்று உறுதியாகும் வரை வலி என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

வலப்பக்கம் மறுக்கிறது என்பதால் கோளாறு வலப்பக்கத்தில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலப்பக்க வட்டத்தில் வலப் பின்னங்கால் உடம்பின் அடியில் நன்றாக வந்து பாரம் தாங்க வேண்டும். அதே நேரம் கழுத்திலும் முதுகிலும் இடப்பக்கத் தசைகள் நீள வேண்டும். வலப் பின்னங்கால் வலித்தாலும் சரி, இடப்பக்கக் கழுத்து இறுகியிருந்தாலும் சரி, உங்கள் கைக்குத் தெரிவது ஒன்றுதான்: வலது லகானில் ஒரு முரண்டு. பின்னங்காலின் வலி வாயில் வந்து தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தப்பான காலில் கேண்டர் எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தக் குதிரையில் என் சந்தேகம் முதலில் பின்பக்கத்தின் மேல்தான்.

கையில் நடத்தும்போது நொண்டாதது ஆறுதலான செய்தி அல்ல. ஆள் ஏறி உட்கார்ந்து லகானைப் பிடித்த பிறகு மட்டுமே வெளிப்படும் வலிகள் உண்டு. நடையில் மறைந்திருப்பது டிராட்டில் (துள்ளோட்டத்தில்) தெரியலாம். கெட்டியான சமதளத்தில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேர்க்கோட்டில் டிராட் ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் நின்று பாருங்கள். முன்னங்கால் வலி என்றால் வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைக் கவனியுங்கள். இரு பக்க இடுப்பெலும்பும் சமமாக ஏறி இறங்காமல் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக அசையும். பிறகு நீண்ட கயிற்றில் பெரிய வட்டமாக இரு பக்கமும் ஓட்டுங்கள். சேணம் வேண்டாம், ஆள் வேண்டாம், கயிற்றைத் தலைவாரில் கட்டினால் போதும். அப்போதும் வலப்பக்கம் தடுமாறினால் சேணத்தையும் உங்களையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

வெறும் உடம்பில் இரு பக்கமும் சமமாகப் போனால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சேணத்தை மட்டும் கட்டி ஓட்டுங்கள். அடுத்து, வேலியடைத்த இடத்தில் பிட் இல்லாத கடிவாளத்தோடு ஏறிப் பாருங்கள். அடுத்து, உங்கள் எடையுள்ள, கை பக்குவமான வேறொருவரை ஏறச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிட்டையும் சேணத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, குதிரை சரியாகிவிட்டது என்றால் எதனால் சரியானது என்று யாராலும் சொல்ல முடியாது. சேணமில்லாமல் வெறும் முதுகில் ஏறிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறுபவரின் இடுப்பெலும்புகள் ஒரே இடத்தில் அழுத்தும், அதனால் புதிதாக ஒரு முரண்டு கிளம்பிக் குழப்பிவிடும்.

பிட் எடுத்ததும் முரண்டு அடங்கினால் வாயில் தேடுங்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோலக் கூர்மையாகும். லகானை இழுக்கும்போது கன்னமும் நாக்கும் அந்தக் கூரில் கிழிபடும். கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் முளைக்கும் ‘வுல்ஃப் டூத்’ என்ற சிறு பல் சில குதிரைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். பிட் அதில் இடிக்கும்போது அந்தப் பக்கம்தான் தலையை ஆட்டும். வாய்க்குள் நீங்களே கைவிட்டுத் தடவிப் பார்க்காதீர்கள். மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி, விளக்கு வைத்துப் பார்க்க வேண்டிய வேலை அது. கடிவாளத்தின் இரு கன்னவார்களும் ஒரே துளையில் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

சேணத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். மரச்சட்டம் முறுக்கியிருந்தாலோ, அடித்திண்டின் பஞ்சு ஒரு பக்கம் அமுங்கியிருந்தாலோ கண்ணுக்கே தெரியும். சவாரி முடிந்து கழற்றியதும் வியர்வைத் தடம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? நடுவில் காய்ந்த திட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். சேணம் எப்போதும் ஒரே பக்கம் நழுவுகிறது என்றால் உடனே சேணத்தைக் குறைசொல்ல வேண்டாம். லைன் கிரீவ், சூ டைசன் என்ற இரு குதிரை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி நழுவுவதற்குப் பின்னங்கால் நொண்டல் ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. நரம்பை மரக்கச் செய்து வலியை நிறுத்தியதும் பெரும்பாலான குதிரைகளில் நழுவலும் நின்றுவிட்டது. புதுச் சேணம் வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வேறொருவர் ஏறியதும் குதிரை வலப்பக்கம் சரியாகப் போனால் அந்த விடையை மனத்தாங்கலின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லி, உங்கள் இடுப்புவார் ஒரு பக்கம் தாழ்கிறதா, பாதம் வைக்கும் அங்கவடிகளில் ஒன்றில் மட்டும் பாரம் விழுகிறதா என்று பாருங்கள். அங்கவடி வார்களைக் கழற்றி நீளத்தை அளங்கள். எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறினால் அந்தப் பக்கத்து வார் மெல்ல நீண்டுவிடும்.

குளம்பைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: கடைசியாக லாடம் அடித்தது எப்போது, முரண்டு தொடங்கியது எப்போது? இரண்டு தேதியும் நெருக்கமாக இருந்தால் லாடக்காரரை முதலில் கூப்பிடுங்கள். வலப்பக்கம் இருக்கும் பொருளுக்கு மட்டும் மிரண்டால் வலக்கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் வரும்போது கையில் வீடியோ இருக்கட்டும். டைசனும் அவர் குழுவினரும் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார்கள். காதைப் பின்னால் மடக்கி வைத்திருப்பது, வாயைத் திறப்பது, தலையை ஆட்டுவது, வாலைச் சுழற்றுவது, பிட் ஒரு பக்கமாக இழுபட்டு வெளியே வருவது, பின்குளம்பு தரையில் இழுபடுவது போன்றவை அதில் அடக்கம். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, மூட்டு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதிலேயே சில இருக்கின்றன, மீதியை வீடியோவில் எண்ணுங்கள். சவாரி செய்து காட்டித்தான் பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள், நிற்கவைத்துத் தடவிப் பார்ப்பது இந்தக் குதிரைக்குப் போதாது. மருத்துவர் நரம்பை மரக்கச் செய்து மறுபடி ஏறிப் பார்க்கச் சொல்லலாம், சில நாள் வலிமருந்து கொடுத்து வித்தியாசம் பார்க்கலாம். நீங்களாக வலிமருந்து கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனை நாளில் அறிகுறி மறைந்துபோகும்.

அதுவரை சிறு வட்டங்களையும் வலப்பக்கக் கேண்டரையும் நிறுத்திவிடுங்கள். தளர்ந்த லகானில் நேரான நடை, திறந்தவெளியில் காலாற உலவவிடுவது, இவை போதும். பரிசோதனைக்காக நான் சொன்ன சவாரிகளைக்கூடச் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளுங்கள். குதிரை முன்னங்காலைத் தூக்கி எழும்பினாலோ முதுகை வளைத்துத் துள்ளினாலோ அங்கேயே இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு மருத்துவர் பார்க்கும் வரை யாரும் ஏற வேண்டாம்.