வீட்டில் இரும்பு காய்ச்சி அடிக்க உலை கட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: கேஸ் உலைக்கு உள்ளே ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) போதுமா, செராமிக் கம்பளி (சூடு தாங்கும் நார் விரிப்பு) வேண்டுமா?

கனமான ஃபயர் பிரிக் உருகாது, அவ்வளவுதான். முதலில் எரியும் கேஸில் பெரும்பகுதி கல்லைச் சூடாக்கவே போய்விடும், கத்தி காய்வது அதற்கப்புறம்தான். கம்பளி வாங்குங்கள்: 1260 டிகிரி ரகம், 25 மில்லிமீட்டர் கனம், இரண்டு சுற்று. மேலே நாரை இறுக்கும் ரிஜிடைசர் திரவத்தைத் தெளித்து, நன்றாகக் காயவிட்டு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் காஸ்டபிள், அதாவது சூடு தாங்கும் சாந்து பூசுங்கள். பூசாமல் விட்டால் அந்த நார் நுரையீரலுக்குள் போகும், 1000 டிகிரிக்கு மேல் பலமுறை வெந்த நார் இன்னும் மோசம், அதில் கிரிஸ்டோபலைட் என்ற நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உருவாகிவிடும். பழைய கம்பளியைப் பிய்க்கும்போது நனைத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு பிய்க்க வேண்டும்.

கே: வெங்காரம் (போராக்ஸ்) போட்டு, இரண்டு இரும்பைக் காய்ச்சி ஒட்டு அடித்தேன், உலையின் அடி ஓட்டையாகிவிட்டது.

வெங்காரம் உருகிக் கம்பளியில் பட்டால் தண்ணீர் பட்ட சர்க்கரைதான். அடியில் அலுமினா அதிகமுள்ள காஸ்டபிள் போடுங்கள், அதன்மேல் மாற்றக்கூடிய ஒரு பலகைக்கல்.

கே: உள்ளே பூச பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்தால்?

வேண்டாம். பிளாஸ்டர் என்பது ஜிப்சம்தான், இந்தச் சூட்டில் அது பொடிந்துபோகும். சிமென்டும் வேண்டாம், ஈரம் இருந்தால் தெறிக்கும்.

கே: வீட்டு சிலிண்டரில் ஓட்டலாமா? அதையே வெட்டி உலைக்கூடு செய்யலாமா?

இரண்டுமே கூடாது. சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, மிச்ச கேஸோடு வெட்டினால் ஆளே மிஞ்சமாட்டார். உலையின் பர்னர் கேஸின் வேகத்தால்தான் காற்றை இழுக்கும், வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தத்துக்கு இழுக்காது. 19 கிலோ வணிக சிலிண்டர், அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், திறந்த இடம். கூட்டுக்கு இரும்புக் குழாய் போதும், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) மட்டும் வேண்டாம், அந்தத் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல்தான்.

கே: எங்கள் ஊர் ஆசாரி களிமண் குழியும் துருத்தியும் வைத்தே அரிவாள் அடித்தார். இன்சுலேஷன் எல்லாம் வியாபாரம்.

கரி உலைக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே குவிந்த கரியே போர்வை. கேஸ் உலையில் போர்வை ஏது? சுவர் பழுத்து, அந்த வெக்கையில்தான் இரும்பு காய்கிறது.

கே: அப்படியானால் கரி உலையிலும் சுவருக்குக் கம்பளி வைத்தால் கரி மிச்சமாகுமே?

ஆகாது ஐயா, சூடு இருப்பது காற்றுக்குழாய் வாய்க்கு எதிரே ஒரு கைப்பிடி இடத்தில். ஓரத்தில் நான்கு செங்கல் அடுக்கிக் கரியை உயரமாகக் குவியுங்கள், இரும்பை வெளியே எடுத்ததும் ஊதலைக் குறையுங்கள். சீமைக்கருவேலக் கரி ஊதாமலும் கனன்றுகொண்டிருக்கும். ஊதல் அதிகமானால் வீணாவது கரி மட்டுமில்லை. நுனியில் வெள்ளைப் பொறி பறந்தால் எரிவது இரும்பு, அந்த நுனியை வெட்டி எறியுங்கள்.

கே: துருத்தியா, ப்ளோயரா?

கையால் சுற்றும் ப்ளோயர். மின்சார ப்ளோயர் என்றால் வேகம் குறைக்க வழி இருக்க வேண்டும்.

கே: பிளாஸ்டரோடு பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்) சேர்த்தால்?

மேலே படியுங்கள்.

கே: காற்றுக்குழாய்க்கு வீட்டில் ஜிஐ பைப் கிடக்கிறது...

கிடக்கட்டும்.