பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் நினைவிழந்து வந்தவர் பிழைப்பாரா?

கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசைவில்லாமல் வந்தவருக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் ஆபத்து பெரிது. நெதர்லாந்தில் 1998 முதல் 2002 வரை செய்த ஆய்வில், இந்நோய் கண்ட பெரியவர்களில் 14 சதவீதத்தினர் கோமாவில்தான் வந்தார்கள். எல்லோரையும் சேர்த்தே 21 சதவீதம் பேர் இறந்தார்கள். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் நோய் வந்தவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். கோமாவில் வந்தவர்களின் நிலை இதைவிட மோசம்.

ஆனால் மயக்கம் எதனால் என்று பார்க்க வேண்டும். வலிப்பு, மூளையில் நீர் தேங்குவது, ஏன், வழியில் போட்ட மயக்க ஊசிகூட காரணமாகலாம். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. டார்ச் அடித்தும் இரண்டு கண்பாவையும் சுருங்கவில்லை என்றால்தான் பயம் அதிகம். முதல் நாளே கைவிட்டுவிடாதீர்கள். முழுதாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேனுக்காக ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது, கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோனும் தர வேண்டும். அப்புறம், இந்நோய் காதையும் பாதிக்கலாம் என்பதால், நினைவு திரும்பியதும் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.