பெயர் இல்லாத பேனா

கேள்வி: என் தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியைப் போன மாதம் ஒழித்தபோது பத்திரக் கட்டுகளுக்கு அடியில் ஒரு குண்டுப் பேனா கிடைத்தது. எங்கேயும் கம்பெனிப் பெயர் இல்லை. கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். கழுத்து திறக்கவே மாட்டேன் என்கிறது, நிப்பில் துரு. இது எந்தக் கம்பெனி? மறுபடி எழுத வைக்க முடியுமா? வெந்நீரில் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமனார். படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மாமனாரிடமிருந்து பேனாவைக் காப்பாற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். பட்டுத்தான் சொல்கிறேன்: பல வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவின் கறுப்புப் பேனாவை ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன், வந்து பார்த்தால் சாணிப் பச்சையாகக் கிடந்தது. இன்றைக்கும் அதே நிறம்தான்.

உங்கள் படத்தில் ஒரு விஷயம் நன்றாகத் தெரிகிறது. மூடிக்குள் மறைந்திருந்த பகுதி இன்னும் கறுப்பாக இருக்கிறது, வெளியே இருந்த பகுதி மட்டும் பழுப்பேறியிருக்கிறது. இது எபோனைட்டின் குணம். ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தினால் கிடைப்பதுதான் எபோனைட். வெளிச்சமும் ஈரமும் படப்பட மேல்பரப்பு மங்கிக்கொண்டே போகும், ஐம்பது வருஷத்தில் நடக்க வேண்டியதை வெந்நீர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடும். சந்தேகம் இருந்தால் பேனாவைப் பழைய வேட்டித் துணியில் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ரப்பரும் கந்தகமும் கலந்த வாடை வந்தால் எபோனைட்தான். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்ட், அதை அடுப்பு, விளக்குப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். நீளவாக்கில் மெல்லிசாக ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்.

அடுத்தது பெயர். 'பெயர் இல்லை' என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பொறிப்பு கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருக்கும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் ஒரு சிட்டிகை விபூதியைப் பேனா மேல் தேய்த்து, மெத்தென்ற துணியால் லேசாகத் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும் வெள்ளைப் பொடி சில சமயம் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். அப்படித் தெரிவது கம்பெனியின் பெயராக இல்லாமல் உங்கள் தாத்தாவின் பெயராகவே இருக்கலாம், வாங்கியவர்கள் தங்கள் பெயரை வெட்டிக்கொள்வது அப்போது சகஜம்.

விபூதிக்கும் மசியாவிட்டால்? கழுத்தைத் திறந்த பிறகு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் இருந்தால் அது கடைசல் மெஷினில் கையால் கடைந்த பேனா. நம் பக்கத்தில் இது நீண்ட தொழில். ராஜமுந்திரியில் ரத்னம் 1930-களில் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கியது பலருக்குத் தெரிந்த கதை. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ பல தலைமுறையாகப் பேனா விற்கிறது. திருவள்ளூரில் இன்றைக்கும் எபோனைட் கடைகிறார்கள். இவர்களைத் தவிர, ஒரு கடைசல் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு கடைகளுக்குப் பேனா செய்து கொடுத்த சிறு பட்டறைகளும் இருந்தன, அங்கே பெயர் வெட்ட யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: தென்னிந்தியக் கடைசல் பேனா. இன்ன கம்பெனி என்று படத்தை வைத்து அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

நிப்பில் ஏதோ எழுதியிருக்கிறது, அதுதானே கம்பெனி என்று கேட்பீர்கள். இல்லை. இந்த வகைப் பேனாவில் நிப்பு என்பது சைக்கிளுக்கு டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவார்கள். சாத்தூரில் பேனா நிப்பு செய்வது ஒரு காலத்தில் ஊர்த் தொழில், நாலணாவோ எட்டணாவோ கொடுத்து ஒன்றை வாங்கிச் செருகிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் தாத்தா எத்தனை மாற்றினாரோ! நிப்பை வைத்துப் பேனாவின் வயதைச் சொல்வது டயரைப் பார்த்து சைக்கிளின் வயதைச் சொல்வது போலத்தான்.

சரி, உயிர் கொடுக்கும் வேலைக்கு வருவோம். கழுத்து திறக்காததற்குக் காரணம் காய்ந்த மை. அதுதான் மறைக்குள் பசை மாதிரி பிடித்திருக்கிறது. ஒரு சின்ன டம்ளரில் சாதாரணத் தண்ணீரை விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, நிப்பு மட்டும் முழுகும்படி பேனாவை நிறுத்துங்கள். மூடியும் உடம்பும் நனையக் கூடாது, எபோனைட் பச்சைத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறினாலும் நிறம் போகும். தண்ணீர் நீலமானதும் மாற்றுங்கள். ஒரு ராத்திரி போதும், பிடிவாதமான பேனாவுக்கு இரண்டு மூன்று ராத்திரி. அப்புறம் கழுத்துக்கும் உடம்புக்கும் தனித்தனியாகப் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் செய்த மாதிரி பல்லால் கடிக்காதீர்கள். குறடு வேண்டாம். அசையாவிட்டால் கோபப்படாமல் மறுபடி ஊற வையுங்கள், எபோனைட் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டும் பிரயோஜனமில்லை.

திறந்ததும் உள்ளே ரப்பர் பையோ பிஸ்டனோ இல்லை என்று பயப்பட வேண்டாம், உடம்பே மைக்கூடு, பில்லரால் ஊற்றுகிற வகை. நிப்பையும் அதன் அடியில் இருக்கும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். நாக்கில் உள்ள பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், மை இறங்குவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். நிப்பின் பிளவுக்குள் பிளேடு விடுகிற பழக்கம் உண்டென்றால் இத்தோடு விட்டுவிடுங்கள், பிளவு அகன்றால் நுனிவரை மை வராது. துரு மேலோட்டமாக இருந்தால் பிழைக்கும். குழி விழுந்திருந்தால், அல்லது லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது நுனியில் இருக்க வேண்டிய உருண்டை மணி இல்லையென்றால், அதே பருமனுள்ள புது நிப்பு போடுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள், அதுவும் தாத்தாவுடையதுதானே.

மறையில் சிலிக்கான் கிரீஸ் துளி தடவி மூடுங்கள், தண்ணீர் பில்டர் பழுது பார்ப்பவரிடம் கேட்டால் கொடுப்பார். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிச் சட்டைப் பையில் வைக்காமல் ஒரு நாள் டம்ளரில் நிறுத்தி, கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் சாதாரண ராயல் புளூ மை. டிராயிங்குக்கு விற்கும் இந்தியன் இங்க்கை ஊற்றினால் அரக்குப் போல உள்ளே இறுகிவிடும். இன்னொன்று, மை கால்வாசிக்குக் கீழே போவதற்கு முன் நிரப்பிவிடுங்கள். உள்ளே காற்று அதிகமானால் கைச் சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், பத்திரத்தின் நடுவில் ஒரு குளம் கட்டும்.

பழுப்பு நிறத்தைப் பாலிஷ் போட்டு எடுக்கலாமா என்று கேட்கவில்லை, ஆனால் மாமனார் கேட்பார். தேய்த்தால் கறுப்பு வரும், தேய்ந்துபோன பொறிப்பும் அதோடு போகும். நான் அப்படியே விடுவேன்.

கேள்வி: பெரியப்பாவின் பேனாவில் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லை, நிப்பில் மட்டும் 'வாரண்டட் 14 கேரட்' என்றிருக்கிறது. தங்கம் என்றால் விற்றுவிடலாமா?
– வாசகர், ஈப்போ

பதில்: நெம்புகோலைத் தயவுசெய்து தூக்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் பை இருக்கும், இத்தனை வருஷத்தில் அப்பளமாகக் காய்ந்திருக்கும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் அது பையின் துண்டுகள். புதுப் பை போடலாம், ஆனால் அரக்குக் கரைசலால் ஒட்டச் சொல்லுங்கள், பிற்பாடு பிரித்துச் சரிபார்க்க முடியும். சூப்பர் குளூ போட்டால் அடுத்த முறை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த முத்திரை நிப்பு தங்கம் என்று சொல்கிறதே தவிர யார் செய்தது என்று சொல்லவில்லை, பெயரில்லாத பேனாக்கள் பலவற்றில் இதே வாசகம்தான் இருக்கும். தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு, அதிலும் 14 கேரட். நகைக்கடைக்காரர் நிப்பைக் கழற்றி உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பேனாவும் இல்லை, பணமும் இல்லை. பையை மாற்றி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுங்கள். அந்தப் பேனாவாலேயே எழுதினால் இன்னும் சந்தோஷம்.