ஸ்பானிஷ் வினைவடிவங்களில் அசை பிரித்து அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் உயிர்களைப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான். அ, எ, ஒ வலிய உயிர்கள். இ, உ மெலியவை. இரண்டு வலியவை அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசை: லே-ஏர் (படிக்க). வலியதும் மெலியதும் சேர்ந்தால் ஒரே அசை. மெலிய உயிரின் தலையில் சாய்கோடு, அதாவது தில்தே, இருந்தால்தான் பிரியும்.

'சாப்பிட்டார்' என்பது கோ-மியோ: இரண்டு அசை, தில்தே ஓ மேல். 'சாப்பிட்டுக்கொண்டிருந்தார்' என்பது கோ-மீ-ஆ: மூன்று அசை, தில்தே ஈ மேல். இந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

உயிர்களுக்கு நடுவில் ஒரு மெய் வந்தால் பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு வந்தால் நடுவில் வெட்டலாம்: கான்-தா (பாடுகிறார்). ப, க, ஃப போன்ற ஒலிக்குப் பின் ல, ர வந்தால் வெட்டக்கூடாது. 'பேசுகிறேன்' என்பது ஆ-ப்லோ. நம் யாப்பில் ஒற்று முன்னெழுத்தோடு ஒட்டுவதால் கை தானாக ஆப்-லோ என்று பிரித்துவிடும்.

இனி அழுத்தம். சொல் உயிரிலோ, என், எஸ் எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். தில்தே இருந்தால் கேள்வியே இல்லை, அதன் கீழேதான். என், எஸ் இரண்டும் உயிரோடு சேர்க்கப்பட்டிருப்பது வினைகளுக்கு வசதி: ஆப்லாஸ் (நீ பேசுகிறாய்), ஆப்லான் (அவர்கள் பேசுகிறார்கள்) இரண்டிலும் குறியில்லாமலே அழுத்தம் ஆ மேல் நிற்கிறது. 'ஆப்லார்' ஆர் எழுத்தில் முடிவதால் அழுத்தம் கடைசிக்குப் போகிறது. 'ஆப்லோ' என்பதன் கடைசி ஓ மேல் தில்தே போட்டால் 'அவர் பேசினார்' என்று காலமும் ஆளும் மாறிவிடும். ஆகவே குறியை அலங்காரமாக நினைக்காதீர்கள்.

மே (எனக்கு), லோ (அதை) போன்ற பிரதிப்பெயர்கள் வினையின் பின்னால் ஒட்டும்போது அழுத்தம் நகராது, அசைதான் கூடும். தீ-மே (எனக்குச் சொல்) குறி கேட்காது. தீ-மே-லோ (அதை எனக்குச் சொல்) என்றானதும் தீ கடைசியிலிருந்து மூன்றாவது, எனவே தில்தே கட்டாயம்.

விதியால் ஊகிக்க முடியாத இடமும் உண்டு. என்பியார் (அனுப்ப), காம்பியார் (மாற்ற) இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. ஆனால் 'அனுப்புகிறேன்' என்-பீ-ஓ, 'மாற்றுகிறேன்' காம்-பியோ. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

கியோ (வழிகாட்டினார்), ரியோ (சிரித்தார்) போன்றவற்றைப் பழைய புத்தகங்களில் தில்தேயோடு பார்க்கலாம். ஸ்பெயினில் பலர் இரண்டு அசையாகவே உச்சரிக்கிறார்கள். ஆனால் ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் வெளியிட்ட 2010 எழுத்துமுறை விதிப்படி இவை ஓரசைச் சொற்கள், குறி போடக்கூடாது.