மேல்வீட்டுக்காரர் போடும் தீனி, அம்மாவுக்கு நுரையீரல் நோய்: வழக்குப் போடலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மேல்வீட்டுக்காரர் தினமும் பால்கனியில் கம்பும் சோளமும் போட்டுப் புறாக்களைக் கூட்டுகிறார். எச்சமெல்லாம் எங்கள் பக்கம். 68 வயது அம்மாவுக்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ் வந்திருக்கிறது. கேட்டால் ஏசுகிறார், அசோசியேஷனும் கண்டுகொள்ளவில்லை. நோய் பரப்புவதாகப் போலீசில் புகார் கொடுத்து நஷ்டஈடு கேட்கலாமா? விஷம் வைத்துவிடலாம் என்கிறான் தம்பி.

பதில்: தம்பியை முதலில் நிறுத்துங்கள். விஷம் வைத்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. வழக்குப் போட வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

அவர் ஏசியது, அசோசியேஷன் அலட்சியம் எதுவும் வழக்கைத் தாங்காது. மேல்வீட்டுத் தீனிக்கும் அம்மாவின் நோய்க்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

போலீஸ் வழி பலவீனமானது. அதே சட்டத்தின் 271-ஆவது பிரிவு தொற்றுநோய் பரவக் காரணமாகும் கவனக்குறைவுக்கானது. அம்மாவுக்கு வந்தது தொற்றல்ல; இறகுத் தூசியிலும் எச்சத்திலும் உள்ள புரதத்துக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. 2025-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீனி போடுவோர் மீது வழக்குப் பதியச் சொன்னது தாதர் கபூதர்கானா (புறாக்களுக்குத் தீனி போடும் இடம்) போன்ற பொது இடங்களை வைத்து. உங்கள் பால்கனித் தகராறுக்கு அதை அப்படியே காட்ட முடியாது.

சிவில் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்கலாம். என் கட்சிக்காரர்கள் சறுக்கியதும் அங்கேதான். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள். அவர் வந்து எட்டிப் பார்த்தால், வாதியின் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் சுள்ளிக்கூடு, இரண்டு முட்டை, விரலளவு காய்ந்த எச்சம். அறிக்கையில் அது ஏறியதும், "நோய் உங்கள் வீட்டுக் கூட்டிலிருந்து வந்திருக்கலாமே" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். ரத்தத்தில் புறாப் புரதத்துக்கான எதிர்பொருள் இருப்பதைக் காட்டினாலும் பயனில்லை. எந்தப் புறா என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது. தொல்லை என்பது தெளிவாக இல்லாதபோது தடை கிடையாது என்கிறது ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. அதோடு இடைக்கால மனு விழும். நஷ்டஈட்டுக்கு இன்னும் வலுவான சாட்சியம் வேண்டும்.

ஆகவே இன்றே உங்கள் ஏசி மேடையைப் பாருங்கள். கூடு காலியாக இருந்தால் எச்சத்தை நனைத்து, ஆள் வைத்து அள்ளுங்கள். காய்ந்தபடி பெருக்கினால் தூசி பறக்கும். அம்மா அப்போது வீட்டிலேயே இருக்கக் கூடாது. முட்டையோ குஞ்சோ இருந்தால் கலைக்காதீர்கள். குஞ்சு பறந்த பின் வலை அடியுங்கள். அதுவரை அம்மா வேறு வீட்டில் இருக்கட்டும். மேல்வீட்டில் தீனி போடுவதைத் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள். வேறு வீட்டில் இருந்தபோது மூச்சு சீரானதா என்பதை டாக்டர் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். தொடர்பைக் காட்ட உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் அமையாது.

இத்தனை இருந்தும் சமரசம் பேசச் சொல்கிறேன். சிவில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தூசி தொடர்ந்து போனால் நுரையீரலில் தழும்பு விழும். அதைத் தீர்ப்பு வந்து ஆற்றாது. அவர் பால்கனிக்கும் வலை அடிக்கும் செலவில் பாதியைத் தருவதாகச் சொல்லுங்கள், தீனியை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இந்தச் சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். மறுபடி கம்பு விழுந்தால் புது வழக்குப் போடாமல் நேரே நிறைவேற்று மனு போடலாம்.