எடை குறைஞ்சுது, தண்ணி கேனை தூக்க முடியலையே!

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 57 வயசு. நாலு மாசமா கீட்டோ டயட்ல (மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சு, கொழுப்பை அதிகமா சாப்பிடறது) இருக்கேன், 81 கிலோ இருந்தவன் 72க்கு வந்துட்டேன், பேன்ட் எல்லாம் லூசாயிடுச்சு, சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா போன வாரம் 20 லிட்டர் தண்ணி கேனை ஸ்டாண்டுல ஏத்தப் போனா கை நடுங்கி பாதியிலயே கீழ வச்சுட்டேன், முன்னாடி எல்லாம் ஒரே மூச்சுல தூக்குவேன். வீட்டுக்காரம்மா "சோறு திங்காம கெடந்தா இப்படித்தான்"னு சொல்றாங்க. காலைல பட்டர் காபி, மதியம் ரெண்டு முட்டை, நெய் விட்ட கோஸ் பொரியல், ராத்திரி 100 கிராம் பனீர், இதான் என் சாப்பாடு. இந்த டயட்டோட வெயிட் தூக்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: வீட்டுக்காரம்மா பாதி சரியா சொல்லிட்டாங்க சார். சோத்தை நிறுத்தினது பெரிய விஷயம் இல்ல, அந்த இடத்துல என்னத்த வச்சீங்கங்கறதுதான் விஷயம். கணக்கு போட்டுப் பாத்தேன், ரெண்டு முட்டைல 12 கிராம் புரோட்டீன், பனீர்ல 18 கிட்ட, கோஸ்ல ஏதோ ரெண்டு மூணு, பட்டர் காபில சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆக மொத்தம் 35 கிராம் கூட வரல. சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்ற அளவு எடைல கிலோவுக்கு 0.83 கிராம், உங்க 72 கிலோவுக்கு அதுவே 60 வருது. வயசானவங்க உடற்பயிற்சியும் பண்ணா 1.2ல இருந்து 1.5 வரைக்கும் போகலாம்ங்கறாங்க, அதாவது 85ல இருந்து 110 கிராம். நீங்க சாப்பிடறது அதுல பாதி கூட இல்ல.

நம்ம ஊர்ல கீட்டோன்னாலே நெய்யும் வெண்ணெயும் ஊத்தி ஊத்தி சாப்பிடறதுன்னு ஆயிடுச்சு, அதுல எனக்கு உடன்பாடே கிடையாது. வயித்துல ஏற்கெனவே கொழுப்பு கையிருப்பு இருக்கிறவருக்கு வெளியிலிருந்து எதுக்கு அவ்வளவு? முதல்ல புரோட்டீன், மிச்சப் பசிக்குத்தான் கொழுப்பு. காலைல பட்டர் காபியை விட்டுட்டு மூணு முட்டை ஆம்லெட், மதியம் 150 கிராம் வஞ்சிரமோ கோழியோ, ராத்திரி பனீரை 150 ஆக்குங்க, நடுவுல கெட்டித் தயிர் ஒரு சின்ன கிண்ணம், 90 கிட்ட வந்துடும். மாவுச்சத்து 50 கிராமுக்குள்ளதான் நிக்கும், கீட்டோவும் கெடாது.

குறைஞ்ச 9 கிலோவும் கொழுப்புன்னு நினைக்காதீங்க. மாவுச்சத்தை நிறுத்தினதும் தசையிலயும் ஈரல்லயும் இருக்கிற கிளைக்கோஜன்ங்கற சேமிப்பு மாவுச்சத்து கரையும், அது ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் கிட்ட தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல இறங்கினதுல பெரும்பங்கு தண்ணிதான். மிச்சத்துல கொழுப்பும் இருக்கு, தசையும் இருக்கு. முப்பது தாண்டினாலே பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை தன்னால குறையும், அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. அதோட அரைப்பட்டினியும் சேந்தா கேன் கனக்கத்தான் செய்யும். எடை மெஷின் இதையெல்லாம் பிரிச்சு சொல்லாது.

சரி, வெயிட் தூக்கலாமா? கண்டிப்பா தூக்கணும். 1990ல அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசுக்காரங்க ஒரு பத்து பேரை காலுக்கு 8 வாரம் வெயிட் பயிற்சி பண்ண வச்சாங்க, கால் பலம் சராசரியா 174 சதவீதம் ஏறுச்சு. 57 எல்லாம் ஒரு வயசா சார்!

வாரத்துக்கு ரெண்டு நாள், நடுவுல ரெண்டு நாள் கேப், இது போதும். நாற்காலியில கையை ஊணாம உக்காந்து எந்திரிக்கிறது (சுலபமாயிட்டா அந்த சாப்பிடாம கெடக்குற அஞ்சு கிலோ பொன்னி அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பண்ணுங்க), சமையல் மேடையைப் பிடிச்சு சாய்வா புஷ்-அப், டம்பெல்லை குனிஞ்சு இடுப்பு பக்கம் இழுக்கிறது, அப்புறம் தரையிலிருந்து தூக்குற டெட்லிஃப்ட். உங்க கேன் பிரச்சனைக்கு மருந்து இந்தக் கடைசிதான். முட்டியை லேசா மடக்கி, பின்புறத்தை பின்னாடி தள்ளி, முதுகு வளையாம, பாரத்தை காலை ஒட்டியே மேல கொண்டு வரணும். முதல் ஒரு மாசம் நல்ல ட்ரெயினர் பக்கத்துல இருக்கட்டும், வீடியோ பாத்து பண்ணாதீங்க. 8 தடவை தூக்கினப்புறம் இன்னும் ரெண்டு தடவைதான் முடியும்னு தோணுற பாரம் சரியான பாரம், அது லேசானதும் கொஞ்சம் ஏத்துங்க. கீட்டோல ஒரே மூச்சுல இருபது தடவைன்னு போனா சீக்கிரம் வாடிடுவீங்க, அதனால தடவை கம்மியா, ஒரு செட்டுக்கும் (விடாம பண்ற ஒரு சுத்து) அடுத்த செட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் ரெஸ்ட். தூக்குறப்ப மூச்சைப் பிடிக்காதீங்க, பிரஷர் குபுக்குன்னு ஏறும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், வெயிட் தூக்கிப் பழகின வாலிபப் பசங்களை வச்சு பண்ண ஒரு ஆராய்ச்சிலயே கீட்டோல கொழுப்பு குறைஞ்சுதே தவிர மசில் ஏறல. அதனால இப்போதைக்கு இருக்கிற தசையைக் காப்பாத்தி பலம் ஏத்துறதுதான் இலக்கு.

உப்பு விஷயம் வேற இருக்கு. இன்சுலின் குறையறப்ப கிட்னி உப்பை அதிகமா வெளிய தள்ளும், அதுக்கு மேல நம்ம சென்னை வேர்வை, கத்திரி வெயில்ல கேக்கவே வேணாம். ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதா, எந்திரிச்சா தலை சுத்துதா, சர்க்கரை போடாம உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் குடிச்சுப் பாருங்க. ஆனா பிரஷர் மாத்திரை போடுறவங்க இதை அவங்களா பண்ணக் கூடாது, எடை குறைஞ்சதுக்கு மாத்திரை அளவே மாத்த வேண்டியிருக்கலாம்.

கேள்வி: வயசு 54, சைவம், சுகர் மாத்திரை போடறேன். பையன் கீட்டோவும் ஜிம்மும் ஒண்ணா ஆரம்பிக்கச் சொல்றான், பயமா இருக்கு.
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. கிளிமிபிரைடு இருந்தா, மாவுச்சத்தை திடீர்னு நிறுத்தி வெயிட்டும் தூக்கினா சுகர் ரொம்ப கீழ போயிடும், இன்சுலினுக்கும் அதே கதைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு கிளிஃப்ளோசின்ல முடியற பேர் இருந்தா கீட்டோ வேண்டவே வேண்டாம். ரத்தம் அமிலமாகுற கீட்டோ அசிடோசிஸ் வரலாம், அப்ப சுகர் அவ்வளவா ஏறாது, மெஷின்ல பாத்தா எல்லாம் சரின்னு ஏமாந்துடுவோம். இந்த மாத்திரைல இருக்கிறவங்களுக்கு வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறது வந்தா சுகர் எவ்வளவுன்னு பாத்துக்கிட்டு உக்காராம நேரா கேஷுவால்டிக்குப் போயிடணும். டாக்டரைப் பாக்காம சாப்பாட்டையும் மாத்தாதீங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க.

என்னைக் கேட்டா உங்களுக்கு முழு கீட்டோ தேவையில்ல. பருப்பு, சுண்டல் எல்லாத்தையும் விட்டுட்டு சைவத்துல புரோட்டீன் சேக்கறது பெரும்பாடு, பனீர், டோஃபு (சோயா பனீர்), வே பவுடர்னு (பால்ல இருந்து எடுக்கிற புரோட்டீன் பவுடர்) அதையே சுத்தி சுத்தி வருவீங்க. டாக்டர் சரின்னா சாதத்தை ஒரு கரண்டியா குறைச்சு, பருப்பையும் தயிரையும் கூட்டி, 30 கிராம் சோயா உருண்டையை குழம்புல போடுங்க, அதுலயே 15 கிராம் புரோட்டீன் கிடைக்கும். ஜிம் விஷயத்துல மட்டும் பையன் சொல்றது சரி. மாதவிடாய் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு எலும்பு மெலியும், அதுக்கு நடை மட்டும் பத்தாது, பாரம் வேணும். கண்ணுல சுகரால பாதிப்பு இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

கேள்வி: பார்க்ல வச்சிருக்கிற மெஷின்லயே பண்ணா போதாதா? வயசு 61.
- வாசகர், அண்ணா நகர்

பதில்: ஆரம்பிக்க நல்லதுதான், காசும் இல்ல. ஆனா அதுல நிறைய மெஷினுக்கு பாரம் ஏத்த வழியே கிடையாது, ரெண்டு மாசத்துல உடம்பு பழகிட்டு அங்கேயே நின்னுடும். காத்துல கால் ஆட்டுறதை எல்லாம் வெயிட் பயிற்சி கணக்குல சேக்காதீங்க சார்.

கேள்வி: பையன் ஜிம்முக்காக கிரியாட்டின்னு ஒரு பவுடர் டப்பா வாங்கி வச்சிருக்கான். 58 வயசுல நானும் சாப்பிடலாமா, கிட்னி போயிடுமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு 3ல இருந்து 5 கிராம் பிரச்சனை இல்ல, கிட்னி கோளாறு ஏற்கெனவே இருந்தா தொடாதீங்க. தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து வச்சுக்குங்க, அடுத்த டெஸ்டுக்குப் போறப்ப இதை சாப்பிடறதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா ரிப்போர்ட்ல கிரியாட்டினின் (கிட்னியைச் சோதிக்கப் பாக்கிற அளவு) கொஞ்சம் கூடக் காட்டலாம்.