பார்சிலோனாவில் காசு எங்கே ஒழுகுகிறது? சுற்றுலா கேள்வி-பதில்

கேள்வி: நான்கு நாள் பார்சிலோனா போகிறோம். நானும் மனைவியும், 9 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இறங்கியதும் விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு ‘ஓலா பார்சிலோனா’ பயண அட்டை வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் சின்னக் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மெட்ரோவிலும் பேருந்திலும் 4 வயதுக்குக் கீழே இலவசம். 9 வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் கிடையாது. சிறுவர் சலுகை அட்டை உள்ளூரில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஆக, மூன்று பேருக்கு வாங்க வேண்டும்.

எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறக்கூடிய 96 மணி நேர ஓலா அட்டை சுமார் 34 யூரோ. ‘டி-கேஷுவல்’ என்ற பத்துப் பயண அட்டை சுமார் 13 யூரோ, அதாவது பயணத்துக்கு 1.30. ஓலா அட்டையில் போட்ட காசை எடுக்க நான்கு நாளில் 26 முறை ஏறியிறங்க வேண்டும். ஓலாவில் விமான நிலைய மெட்ரோவும் அடக்கம். அதற்குத் தனி டிக்கெட் 6 யூரோவை ஒட்டி வரும். போக வர அதைக் கழித்தாலும் ஊருக்குள் 17 பயணமாவது தேவை. பழைய நகரத்தையும் பஸேய்ச் தெ கிராசியா சாலையையும் நடந்தே பார்க்கிற குடும்பத்துக்கு அவ்வளவு பயணம் வராது. டி-கேஷுவல் மூன்று வாங்குங்கள். இந்த விலைகள் பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில் மாறும். புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டி-கேஷுவல் அட்டையில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, இது ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தட்டி உள்ளே போனால், சோதனையில் பிடிபடும்போது அபராதம் 100 யூரோ. அங்கேயே கட்டினால் பாதி. இரண்டு, விமான நிலைய மெட்ரோ நிலையங்களில் (எல்9 தடம்) இது செல்லாது. ஆனால் அதே அட்டை ‘ஆர்2 நார்ட்’ ரயிலிலும் 46ஆம் எண் பேருந்திலும் செல்லும், இரண்டுமே விமான நிலையத்திலிருந்து கிளம்புபவை. ரயில் அரை மணிக்கு ஒன்று, இரண்டாம் முனையத்திலிருந்து. முதல் முனையத்தில் இறங்குகிறவர்கள் இலவச இணைப்புப் பேருந்தில் அங்கே போக வேண்டும். 46 பிளாசா எஸ்பான்யாவில் கொண்டுவிடும். மூன்று, 75 நிமிடத்துக்குள் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு மாறினால் ஒரே பயணம்தான். ஆனால் மெட்ரோவை விட்டு வெளியே வந்து மறுபடி மெட்ரோவிலேயே நுழைந்தால் இன்னொரு பயணம் கழியும்.

கேள்வி: சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்கு நேரில் போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க முடியுமா? கோபுரத்துக்குக் கூடுதலாக 10 யூரோ கேட்கிறார்கள், தகுமா?

வாசலில் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். டிக்கெட் விற்பனை இணையத்தில்தான், நாளும் நேரமும் குறித்து. கோடையில் சில நாள் முன்பே தீர்ந்துவிடும், ஆகவே விமான டிக்கெட் உறுதியான கையோடு இதை முடியுங்கள். ‘வரிசையில் நிற்காமல் நுழையலாம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் தளங்களைக் கண்டு மயங்க வேண்டாம். நேரம் குறித்த டிக்கெட்டோடு போகிற எல்லோருமே அப்படித்தான் நுழைகிறார்கள்.

சாதாரண டிக்கெட் 26 யூரோ, கோபுரத்தோடு 36. 11 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்றைச் சேர்த்துப் பதிவு செய்தாக வேண்டும். இதை மறந்து வாசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கோபுரம் என்றால் இரண்டில் ஒன்றை வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்: கிழக்கே இயேசுவின் பிறப்பு முகப்பு, மேற்கே அவருடைய பாடுகள் (துன்பங்கள்) முகப்பு. ஏற லிஃப்ட், இறங்கக் குறுகலான சுழல் படிக்கட்டு. 6 வயதுக்குட்பட்டவர்களை விடமாட்டார்கள். காற்றோ மழையோ பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள், கோபுரத்துக்கான தொகை மட்டும் திரும்பி வரும். சிறு பிள்ளையோடு போகிறவர்கள் இதை விட்டுவிடலாம். இந்தக் கோயிலின் மதிப்பு உள்ளேதான் இருக்கிறது. அந்தப் 10 யூரோவை விட நேரத் தேர்வு முக்கியம். காலையில் கிழக்குக் கண்ணாடிகள் நீலமும் பச்சையுமாக ஒளிரும். பிற்பகலில் மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தூண்களில் வழியும். குளிர்காலமென்றால் 3 மணி வாக்கிலும், கோடையென்றால் 5 மணிக்குப் பிறகும் நேரம் எடுங்கள்.

கேள்வி: கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய வீடுகள் இரண்டையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், ஒன்று போதும். காசா பாட்லியோவும் லா பெத்ரேராவும் ஒரே சாலையில் சில நிமிட நடையில் இருக்கின்றன. இரண்டுமே ஆளுக்கு 30 யூரோவைத் தொடும் செலவு. நிறமும் வளைவும் பிடித்தவர்களுக்குப் பாட்லியோ. கட்டடம் எப்படி நிற்கிறது என்று பார்க்கிறவர்களுக்குப் பெத்ரேரா: மாடியின் கீழே 270 செங்கல் வளைவுகள், மேலே புகைபோக்கிகள் நிற்கும் மொட்டைமாடி. வெளியிலிருந்து இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம்.

மிச்சமான காசில் சான்ட் பாவ் மருத்துவமனை வளாகத்துக்குப் போங்கள். சக்ராதா ஃபமீலியாவிலிருந்து கௌடி அவென்யூ வழியாகப் பத்து நிமிட நடை. தொமேனெக் இ மொன்தானெர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 2009 வரை அங்கே நோயாளிகளைப் பார்த்தார்கள். கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு.

கேள்வி: கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்தில் மீனுக்கு நேரே விலையே போடவில்லை, இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. இருவருக்கு 140 யூரோ பில் வந்தது. கேட்காத ரொட்டிக்கும் காசு. இது முறையா?

அந்த இரண்டு எழுத்து (S/M) ‘செகூன் மெர்காதோ’ என்பதன் சுருக்கம். அன்றைய சந்தை விலை என்று பொருள். பெரும்பாலும் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ கணக்கு. எடை போடுமுன் “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டு, எண்ணைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவல்ல, அங்குள்ளவர்களும் கேட்கிறார்கள். பாயெய்யா அரிசிச் சோற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. மெனுவில் 22 என்று இருக்கும், அது தலைக்கு. ‘குறைந்தது இருவர்’ என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அப்போது தட்டின் விலை 44. அதோடு அது வாலன்சியாவின் உணவு. தெருவோரம் வண்ணப் படங்களோடு பலகை வைத்து விற்பது பல இடங்களில் உறைந்து வந்ததைச் சூடாக்கித் தருவதுதான்.

ரொட்டிக்கும், வெளியே மேசை போட்டு உட்கார்வதற்கும் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதை விலைப்பட்டியலில் போட்டிருக்க வேண்டும். வேண்டாமென்றால் ரொட்டியைத் தொடாமல் உடனே திருப்பியனுப்புங்கள். பட்டியலிலுள்ள விலையில் வரியும் அடக்கம். கடைசியில் வரி என்று தனியாகச் சேர்க்கக் கூடாது. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். ‘அகுவா தெல் கிரீஃபோ’ என்று கேளுங்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடும். டிப்ஸ் கட்டாயமில்லை.

பில் தவறு என்று தோன்றினால் ‘ஓகா தெ ரெக்லமாசியோன்’ கேளுங்கள். புகார்ப் படிவம் அது, எந்தக் கடையும் இலவசமாகத் தந்தாக வேண்டும். மூன்று படிகள், ஒன்று கடைக்கு, மற்றவை உங்கள் கையில். பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு, பிறகு எழுதுங்கள். கட்டாமல் எழுந்து போனால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். படிவத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பல பில்கள் தாமாகத் திருந்துவதும் உண்டு.

வயிற்றுக்கும் பைக்கும் நல்லது வார நாள் மதியத்து ‘மெனு தெல் தியா’. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்போ காப்பியோ. ரொட்டியும் பானமும் பெரும்பாலும் சேர்த்தே 13 முதல் 20 யூரோவுக்குள். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே கிடைக்கும்.

கேள்வி: சுத்த சைவம். ‘வெஜெதால்’ என்று எழுதிய சாண்ட்விச்சை நம்பி வாங்கலாமா?

கூடாது. அங்கே ‘பொக்கதியோ வெஜெதால்’ என்றால் காய்கறியோடு சூரை மீனும் முட்டையும் வைப்பது வழக்கம். கலவை சாலட்டிலும் சூரை இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடை ஹமோன் தூவி வரலாம். பலர் அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்லுங்கள். தக்காளி தேய்த்த ரொட்டி நிம்மதியாகச் சாப்பிடலாம். சுட்ட கத்திரிக்காய், குடமிளகாய் சேர்ந்த எஸ்கலிவாதா நல்லது, மேலே நெத்திலி வகை மீன் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு. குளிர்காலத்தில் போனால் தணலில் சுட்ட கல்சோட் என்ற நீள வெங்காயத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: மொன்செராட் மலைக்கு ரோப் காரில் ஏறி, பல்சக்கர ரயிலில் இறங்கலாமா?

ஒரே டிக்கெட்டில் முடியாது. பிளாசா எஸ்பான்யாவில் ஆர்5 ரயிலுக்குக் கூட்டு டிக்கெட் வாங்கும்போதே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. இறங்கும் நிலையமும் வேறு. ரோப் காருக்கு ‘ஆயெரி தெ மொன்செராட்’, பல்சக்கர ரயிலுக்கு அடுத்த நிலையமான ‘மொனிஸ்ட்ரோல் தெ மொன்செராட்’. உயரம் பயமென்றால் ரயில்.

கேள்வி: தங்குமிடத்துக்கு முன்பே முழுப் பணமும் கட்டிவிட்டேன். மீண்டும் ஏதோ வரி கேட்பார்கள் என்கிறார்களே?

கேட்பார்கள், அது ஏமாற்று அல்ல. சுற்றுலா வரி, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று. தங்குமிடத்தின் வகையைப் பொறுத்துத் தொகை மாறும். அதிகபட்சம் 7 இரவுக்குத்தான், 16 வயது வரை கிடையாது. அடுக்குமாடி வீடு எடுத்திருந்தால் விளம்பரத்தில் ‘எச்.யு.டி.பி.’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, ஏ.டி.எம்.மிலோ கடையிலோ “உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, யூரோவிலா?” என்று திரை கேட்டால் யூரோவைத் தொடுங்கள். மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கியல்ல, அந்த இயந்திரக்காரர் வைப்பார்.